நாமே செய்வதா, வாங்கிக்கொள்வதா? - ஒரு வங்கிக்காரனின் கணக்கு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா மகன் எங்கள் இடப்பள்ளி வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தான். காக்கநாடு இன்போபார்க்கில் வேலை. ஹாஸ்டல் மட்டையரிசிச் சோறு தின்று அலுத்தவன் என்பதால் வத்தக்குழம்பைக் கண்டதும் பேச்சே இல்லை. மூன்றாவது தடவை சோறு போட்டபிறகுதான் வாயைத் திறந்தான்.

"மாமா, நீங்க பி.காம்.தானே, ஒரு கணக்கு பாத்துச் சொல்லுங்க."

விஷயம் இதுதான். அவனுடைய கம்பெனி, இறால் ஏற்றுமதி செய்பவர்களுக்காக, குளிர்பெட்டி கன்டெய்னர் எங்கே போகிறது, உள்ளே எத்தனை டிகிரி என்று காட்டும் மென்பொருள் செய்கிறது. மூன்று வருடம் முன்பு 25 பேர். இப்போது 180 பேர். லீவு, பயணப்படி, வாடிக்கையாளர் புகார், எந்தக் கருவி எந்தக் கன்டெய்னரில் இருக்கிறது என்கிற பட்டியல், எல்லாமே இதுவரை எக்செல் தாளில் ஓடியிருக்கிறது. இனி முடியாது. கம்பெனியில் பாதிப்பேர் "நாம மென்பொருள் கம்பெனி, நாமே மூணு மாசத்துல எழுதிடலாம்" என்கிறார்கள். மீதிப்பேர் "மாசம் ஆளுக்கு இவ்வளவுன்னு வாடகை கட்டி வாங்கிடலாம்" என்கிறார்கள். குறிப்பு எழுதித் தரும் வேலை இவன் தலையில் விழுந்திருக்கிறது.

அவனுக்கு இன்னொரு பயமும் இருந்தது. நாமே செய்வோம் என்று முடிவானால் அந்த உள்வேலைக் குழுவில் இவனைப் போடுவார்கள். "அங்க போனா அங்கேயே தேங்கிடுவேனோன்னு இருக்கு மாமா" என்றான்.

எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். ஆனால் இதே கேள்வியை இந்திய வங்கிகள் முப்பது வருடம் போட்டு உருட்டியிருக்கின்றன. அதை அவனுக்குச் சொன்னேன். நம்மைப் போல ஊரை விட்டு வந்தவர்கள் வீடுகளில் பாதிப் பிள்ளைகள் இந்த வேலையில்தான் இருக்கிறார்கள் என்பதால் இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

வங்கிகளில் கம்ப்யூட்டர் என்ற சொல்லே கசந்த காலம் ஒன்று உண்டு. வேலை போய்விடும் என்று சங்கங்கள் பயந்தன. அந்தப் பயத்தில் நியாயமும் இருந்தது. 1983-இல் சங்கங்களோடு வந்த ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் கிளைகளுக்குள் இயந்திரம் நுழைந்தது. அப்போதுகூடப் பெயர் "லெட்ஜர் போஸ்டிங் மெஷின்"தான். பேரேட்டில் பதிகிற பெட்டி, அவ்வளவே, பயப்படாதீர்கள் என்று பொருள். நம்ம சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 1984-இல் ஒரு அறிக்கை, இரண்டாவது குழு 1989-இல் ஓர் அறிக்கை. 1993-இல் இன்னொரு ஒப்பந்தம். தனியார் வங்கிகள் புதிதாக வந்து, முதல் நாளே கம்ப்யூட்டரோடு கடையைத் திறந்தபோது பொதுத்துறைக்கு உறைத்தது. பிறகு மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையராக இருந்த என். விட்டல், 2001 ஜனவரி 1-க்குள் ஒவ்வொரு வங்கியும் தன் வியாபாரத்தில் 70 சதவீதத்தைக் கணினிக்குள் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவே போட்டார். கம்ப்யூட்டருக்கும் ஊழல் கண்காணிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். பழைய பேரேடு பார்த்தவர்களுக்குத் தெரியும். :-)

அந்த அவசரத்தில் நடந்தது என்னவென்றால், கிளைக்குக் கிளை வேறு வேறு மென்பொருள். ஒரு ஊர்க் கிளையில் ஒரு கம்பெனி எழுதியது, அடுத்த ஊரில் இன்னொருவருடையது. ஸ்டேட் வங்கி அயர்லாந்தின் கிண்டில் நிறுவனத்திடமிருந்து "பேங்க்மாஸ்டர்" வாங்கிக் கிளைகளில் போட்டது. இதற்கு நடுவே, ஆர்வமுள்ள அதிகாரிகள் தாங்களே ராத்திரி உட்கார்ந்து ஃபாக்ஸ்புரோவில் எழுதிய சில்லறை புரோகிராம்கள். நான் சேர்ந்த கிளையில் அப்படி ஒன்று இருந்தது.

2003-இல் மதுரைப் பக்கம் ஒரு கிளையில் கிளார்க்காகச் சேர்ந்தேன் (வங்கியின் பெயர் வேண்டாம்). அங்கே நகைக்கடன் வட்டி முழுக்க ஒரு அதிகாரி எழுதிய புரோகிராமில் ஓடியது. அருமையான புரோகிராம், பொய் சொல்லக்கூடாது. விவசாயக் கடனா, மற்றதா, எத்தனை நாள், தவணை தாண்டியதா, எல்லாம் பார்த்து ரசீது அடித்துக் கொடுக்கும். வங்கி காசு கொடுத்து வாங்கிய பெரிய மென்பொருளில் இந்த வசதி கிடையாது. பக்கத்துக் கிளைக்காரர்கள் பிளாப்பி எடுத்துக்கொண்டு வந்து பிரதி வாங்கிப் போவார்கள்.

2005-இல் அவருக்கு வடக்கே மாற்றல் வந்தது. அடுத்த மார்ச் 31, கணக்கு முடிப்பு ராத்திரி. நடுவில் வட்டி விகிதம் மாறியிருந்தது. புரோகிராம் பழைய விகிதத்திலேயே நிற்கிறது. விகிதம் ஒரு பட்டியலில் இல்லை. எழுதியவர் அதைப் புரோகிராமின் வயிற்றுக்குள்ளேயே, அதுவும் இரண்டு இடங்களில் எழுதி வைத்திருந்தார். ராத்திரி பதினொரு மணிக்கு அவருக்கு எஸ்.டி.டி. போட்டோம். தூக்கக் கலக்கத்தில் அவர் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, நான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு தட்டினேன். ஒன்றை மாற்றினோம். இரண்டாவது இடம் அவருக்கே நினைவுக்கு வர முக்கால் மணி நேரம் ஆனது. மேனேஜர் அந்த முக்கால் மணி நேரமும் சாமி படத்துக்கு முன்னாலேயே நின்றார்.

அந்த மனிதருக்கு வங்கி என்ன செய்தது? ஒன்றுமில்லை. "கம்ப்யூட்டர்காரர்" என்று பெயர் வந்துவிட்டதால் மேனேஜராகப் போடவும் தயங்கினார்கள். பதவி உயர்வு நேர்காணலில் டெபாசிட் எவ்வளவு பிடித்தாய் என்று கேட்டார்களே தவிர, அந்தப் புரோகிராமைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. அக்கா மகன் பயம் எனக்குப் புதிதல்ல.

இது ஒரு கிளையின் கதை. இதையே ஒரு முழு வங்கி செய்து பார்த்தது. அதுவும் நம்ம ஊர் வங்கி.

இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைச் சொல்கிறேன். எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10-இல் தொடங்கியது. ஒரே நாளில் காரைக்குடி, சென்னை, ரங்கூன் என மூன்று இடங்களில் கதவைத் திறந்தார்கள். கடல் கடந்து போனவர்களுக்காகவே பிறந்த வங்கி என்பதால் நமக்கெல்லாம் அதன்மேல் ஒரு பாசம் உண்டு. செட்டியார்களின் லேவாதேவித் தொழிலில் கணக்கு முறை அவர்களுடைய சொந்தச் சரக்கு. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, ஏஜென்டாகிறவன் அந்த முறையிலேயே வளர்கிறான். மூன்று வருடக் கணக்கு முடிந்து ஏஜென்ட் கப்பல் ஏறும்போது ஐந்தொகை எடுத்து, அடுத்தவனிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஆள் மாறினாலும் கணக்கு நிற்காது. இந்த ஒப்படைப்பு விஷயத்தைக் கொஞ்சம் மனதில் வையுங்கள், திரும்ப வருவேன்.

ஐ.ஓ.பி. தன் கணினி வேலையை வெளியே முழுசாக விடவில்லை. உள்ளேயே ஆட்களை வைத்து வளர்த்தது. அதன் கணினிக் கொள்கை, திட்டமிடல் துறைக்கு 1999 செப்டம்பரில் ஐ.எஸ்.ஓ. 9001 சான்று கிடைத்தது. கோர் பேங்கிங் காலம் வந்தபோதும் அவர்கள் தங்கள் ஆட்கள் எழுதியதையே ஓட்டினார்கள். அதன் பெயர் "க்ரௌன்".

கோர் பேங்கிங் என்றால் என்ன என்று வங்கியில் இல்லாதவர்களுக்கு ஒரு வரி. முன்பெல்லாம் உங்கள் கணக்கு கிளைக்குச் சொந்தம். தேவகோட்டைக் கணக்கில் பணம் எடுக்கத் தேவகோட்டைக்குத்தான் போகவேண்டும். கோர் பேங்கிங் வந்தபின் கணக்கு வங்கிக்குச் சொந்தம்; இடப்பள்ளியிலிருந்தும் எடுக்கலாம். இதற்கு ஆயிரக்கணக்கான கிளைகளின் கணக்கை ஒரே இடத்தில் வைத்து ஓட்ட வேண்டும். விளையாட்டு வேலை இல்லை. அதைச் சொந்தமாக எழுதி ஒரு பொதுத்துறை வங்கி ஓட்டியது என்பது சாதாரண சாதனை அல்ல. 2007-இல் பாரத் ஓவர்சீஸ் வங்கி ஐ.ஓ.பி.யோடு இணைந்தது, வங்கி பெருத்தது, க்ரௌன் தாங்கியது.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்? ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி இன்போசிஸிடம் வாங்கியது. எச்.டி.எப்.சி. வங்கி மைக்ரோபேங்கர் வாங்கியது. இங்கே பக்கத்தில் திருச்சூரில் இருக்கும் சவுத் இந்தியன் வங்கியும், ஆலுவாவில் இருக்கும் ஃபெடரல் வங்கியும் இன்போசிஸின் ஃபினக்கிளுக்குப் போயின. ஸ்டேட் வங்கி ஆஸ்திரேலியக் கம்பெனியான எப்.என்.எஸ். செய்த பேங்க்ஸ் மென்பொருளை டி.சி.எஸ். மூலம் போட்டது, பிறகு 2005-இல் டி.சி.எஸ். அந்தக் கம்பெனியையே வாங்கிவிட்டது. ஸ்டேட் வங்கி கெட்டி. வாங்கியதோடு நிற்காமல் 2006-இல் டி.சி.எஸ்.ஸோடு சேர்ந்து சி-எட்ஜ் என்று ஒரு கூட்டுக் கம்பெனி வைத்து, 49 சதவீதப் பங்கையும் எடுத்துக்கொண்டது. கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் மென்பொருள் சேவை கொடுக்கும் கடை அது.

இதில் மைக்ரோபேங்கர் கதை ருசியானது. சிட்டி வங்கி 1985-இல் தன் சொந்த வேலைக்காக மும்பை சீப்ஸில் ஒரு மென்பொருள் கம்பெனி வைத்தது. உள்வேலைக்காகச் செய்ததை வெளியே விற்றால் என்ன என்று ராஜேஷ் ஹுக்கு போன்றவர்கள் 90-களில் தனிக் கம்பெனியாகக் கிளப்பினார்கள். மைக்ரோபேங்கர், பிறகு ஃப்ளெக்ஸ்கியூப். கம்பெனி ஐ-ஃப்ளெக்ஸ் ஆகி, 2005-இலிருந்து ஆரக்கிள் கைக்குப் போனது. ஒரு வங்கி தனக்காகச் செய்துகொண்ட சட்டையை நூறு நாட்டு வங்கிகள் போட்டுக்கொண்டன.

இன்னும் பின்னால் போனால் இங்கிலாந்தின் லயன்ஸ் கம்பெனி. டீக்கடை நடத்தியவர்கள் சார்! பன், கேக், டீ. கோடிக்கணக்கில் சின்னச் சின்ன பில். கணக்கெழுதவே ஒரு படை. வாங்க வியாபாரக் கம்ப்யூட்டர் என்று ஒன்று கடையிலேயே கிடையாது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கு 3000 பவுண்டு கொடுத்து உதவி, அதைப் பார்த்துத் தாங்களே ஒன்றைக் கட்டினார்கள். லியோ என்று பெயர். 1951 நவம்பரில் பேக்கரிக் கணக்குப் போட்டது. அலுவலக வேலைக்கு ஓடிய முதல் கம்ப்யூட்டர் என்பார்கள். 1954-இல் கம்ப்யூட்டர் விற்கத் தனிக் கம்பெனியே வைத்தார்கள். ஆனால் டீக்கடை வருமானத்தில் கம்ப்யூட்டர் தொழிலை எத்தனை நாள் ஓட்டுவது? 1963-இல் இங்கிலீஷ் எலக்ட்ரிக்கோடு சேர்த்துவிட்டு நகர்ந்துகொண்டார்கள்.

லயன்ஸ் செய்தது தப்பா? இல்லை என்பேன். கடையில் கிடைக்காத காலத்தில் செய்துகொண்டார்கள். கடையில் கிடைக்கத் தொடங்கியபின் தான் ஏன் இன்னும் செய்துகொண்டிருக்கிறோம் என்ற கேள்வி வரும். ஐ.ஓ.பி.க்கும் அது வந்தது. 2010-களின் பின்பாதியில் க்ரௌனை விட்டு ஃபினக்கிளுக்கு மாறினார்கள்.

அந்த முடிவின் உள்விவரத்துக்குள் நான் போகவில்லை. அந்தக் காலத்தில் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன். 2016 ஏப்ரலில் யு.பி.ஐ. வந்தது. நவம்பரில் பணமதிப்பு நீக்கம். ரிசர்வ் வங்கியிலிருந்து சுற்றறிக்கை, என்.பி.சி.ஐ.யிலிருந்து புது விதி, எல்லாவற்றுக்கும் தேதி குறித்திருக்கும். பத்து வங்கி ஒரே மென்பொருளை வைத்திருந்தால், விற்றவன் ஒரு தடவை மாற்றி பத்து பேருக்கும் கொடுக்கிறான். சொந்தமாக வைத்திருப்பவன் அந்த வேலையைத் தன் ஆளை வைத்துத் தன்னந்தனியாகச் செய்யவேண்டும். சேமிப்புக் கணக்கும் வட்டியும் எல்லா வங்கியிலும் ஒன்றுதான். அதில் தனியாக நின்று என்ன பெருமை?

ஆனால் மாறுவது சுலபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எங்கள் வங்கியில் 2007-இல் கிளை மென்பொருளிலிருந்து கோர் பேங்கிங்குக்கு மாறிய வாரம் நான் வீட்டுக்குப் போனது குளிக்க மட்டும். இனிஷியல் இல்லாத பெயர்கள், பிறந்த தேதி இல்லாத கிழவிகள், பத்து வருடமாக யாரும் தொடாத கணக்குகள். டிரயல் பேலன்ஸ் 11 ரூபாய் 40 காசு உதைக்கிறது என்று ஆறு பேர் விடியவிடியத் தேடினோம். போன வருடம் வரை ஓடிய நகைக்கடன் புரோகிராம் செய்ததைப் புது மென்பொருள் செய்யவில்லை. அடுத்த இரண்டு வருடம் அந்த வட்டியை எக்செலில் போட்டோம். காசு கொடுத்து வாங்கியபிறகும் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருந்தோம் என்று அர்த்தம். வாங்குகிறவன் கணக்கில் இந்த நோட்டு வருவதே இல்லை.

சரி, அக்கா மகன் கணக்குக்கு வருவோம். சாப்பிட்ட இலையை எடுக்கச் சொல்லிவிட்டு, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் போட்டேன். வாடகை ஆளுக்கு மாதம் 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 180 பேருக்கு வருடம் 12 லட்சத்து 96 ஆயிரம். நாமே செய்தால்? இரண்டு பேர் சம்பளம் ஆளுக்கு 10 லட்சம் என்றால் 20 லட்சம், அதுபோக சர்வர் செலவு. இன்றைக்கு வாங்குவதே லாபம். கம்பெனி 1000 பேர் ஆனால் வாடகை 72 லட்சம். அன்றைக்கு ஆட்டம் மாறுகிறது. இதைப் பார்த்ததும் அவனுக்குச் சந்தோஷம். குறிப்பு எழுதியாயிற்று என்று நினைத்தான்.

"இருடா மாப்ளே, மூணு மாசத்துல எழுதிடலாம்னு சொல்றவங்க, நாலாவது மாசத்துக்கு யாரை வச்சிருக்காங்க?" என்று கேட்டேன். முழிச்சான். எழுதும் செலவு கட்டடச் செலவு மாதிரி, ஒரு தடவை. பராமரிப்பு வாட்ச்மேன் சம்பளம் மாதிரி, கட்டடம் நிற்கும்வரை. வாட்ச்மேன் சம்பளத்தைப் புத்தகத்தில் தனியாகக் காட்டாமல், ஏற்கெனவே சம்பளம் வாங்குகிறவன் ஓய்வு நேரத்தில் செய்வான் என்று எழுதினால் சொந்தமாகச் செய்வது எப்போதும் மலிவாகத்தான் தெரியும்.

வாங்குவதிலும் அதே மாதிரி மறைவுச் செலவு உண்டு. விற்றவன் விலையை ஏற்றினால் என்ன செய்வாய்? 2010-இல் ஜென்டெஸ்க் என்ற அமெரிக்கக் கம்பெனி, வாடிக்கையாளர் புகார் மென்பொருளுக்கு விலையை ஏற்றியபோது வாங்கியவர்கள் கொதித்தார்கள். அந்தக் கொதிப்பைப் படித்துத்தான் திருச்சிக்காரரான கிரீஷ் மாத்ருபூதம், ஜோஹோவில் இருந்த வேலையை விட்டுச் சென்னையில் ஃப்ரெஷ்டெஸ்க் ஆரம்பித்தார். 2021-இல் நாஸ்டாக் வரை போனார்கள். அடுத்தவன் கோபத்தில் ஒரு நல்ல கம்பெனி பிறந்தது சரி. கோபப்பட்டவர்கள் தங்கள் தரவை எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வேறிடம் போன பாட்டை யார் எழுதினார்கள்?

அவர் விட்டு வந்த ஜோஹோ எதிர்த்திசை. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய நாளிலிருந்து முடிந்தவரை தாங்களே செய்வது. கணக்கு, ஆள் நிர்வாகம், மின்னஞ்சல், எல்லாம் தாங்கள் விற்பதையே தாங்களும் உபயோகிக்கிறார்கள். மென்பொருளைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவர்களுடைய பள்ளி. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்த பிள்ளைகளை எடுத்து உள்ளேயே பழக்குகிறார்கள். நம்ம பெட்டியடிப் பையன் வழிதான்! சொந்தச் சரக்கு வைத்திருப்பவன் சொந்த ஆளையும் வளர்க்கவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இங்கே கேரளாவிலும் ஒன்று உண்டு. இடப்பள்ளியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில், மின்வாரியம் தன் சொந்த ஆட்களை வைத்துக் கட்டற்ற மென்பொருளில் எழுதிய "ஒருமா" வழி வந்தது. ஒருமை, ஒற்றுமை என்று பொருள். அரசு அலுவலகம் செய்தால் உருப்படாது என்று நாம் வழக்கமாகச் சொல்வதற்கு இது ஒரு பதில். மின்கட்டண முறை மாநிலத்துக்கு மாநிலம் வேறு, வருடத்துக்கு வருடம் மாறும். கட்டண விதியை அறிந்த ஆளும் புரோகிராம் எழுதும் ஆளும் ஒரே கட்டடத்தில் இருப்பது அங்கே பெரிய பலம்.

ஆக, அவன் குறிப்பில் இப்படி எழுதச் சொன்னேன். லீவும் பயணப்படியும் உலகத்தில் எல்லாக் கம்பெனிக்கும் ஒன்று. அதை வாங்கு. வாங்கும்போதே, விலகினால் தரவை எந்த வடிவத்தில் திருப்பித் தருவான் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கு. எந்தக் கருவி எந்தக் கன்டெய்னரில், அதன்மேல் எந்த ஏற்றுமதிக்காரர் என்ன புகார் சொன்னார் என்பது உங்கள் தொழிலே. அதற்குக் கடையில் கிடைப்பது, எங்கள் நகைக்கடன் மாதிரி, பக்கத்தில் ஒரு நோட்டு வைக்கச் சொல்லும். அதை நீங்களே செய்யுங்கள். ஆனால் குறைந்தது இரண்டு பேர் அதை முழுக்கத் தெரிந்தவர்களாக இருக்கவேண்டும். ஒருவர் போகுமுன் ஒப்படைப்பு நடக்கவேண்டும். அவர்களுக்குச் சம்பள உயர்வு, பதவி உயர்வு மற்றக் குழுவுக்குச் சமமாக இருக்கும் என்று அந்தக் காகிதத்திலேயே ஒரு பத்தி வேண்டும்.

"கடைசிப் பத்தி எதுக்கு மாமா, அது எச்.ஆர். விஷயமாச்சே" என்றான். அந்த மார்ச் 31 ராத்திரியைச் சொன்னேன்.

போன வாரம் போன் பண்ணினான். குறிப்பைக் கொடுத்துவிட்டானாம். முதலாளி முழுசாகப் படித்துவிட்டு, லீவு மென்பொருளுக்கு அப்போதே சரி சொல்லிவிட்டாராம். மற்றதுக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்.

"அந்த ரெண்டு பேர் யாரு?"

இவன் பேரைத்தான் முதலில் எழுதியிருக்கிறான். இரண்டாவது ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.